பிரவுசர் ஆட்-ஆன் மூலம் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்ய முடியுமா?

ஆட்-ஆன் என்பது குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டு ஓடும் சின்ன புரோகிராம். அதை வைத்து மொத்த கம்ப்யூட்டரிலும் மால்வேர் (வைரஸ் போன்ற தீய புரோகிராம்) தேடலாமா என்றால், இப்போது முடியாது. ஒரு காலத்தில் முடிந்தது.

அன்றைய வேக ஸ்கேன் ஆட்-ஆன்கள் ஹார்டு டிஸ்க் முழுவதையும் துழாவவில்லை. அந்த நேரத்தில் மெமரியில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் கைரேகை போன்ற குறியீட்டை எடுத்து, ஆட்-ஆனைத் தந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சர்வரிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டன. ஓரிரு நிமிடத்தில் முடிந்த ரகசியம் இதுதான். எங்கோ ஃபோல்டரில் தூங்கும் ஃபைல் அதன் கண்ணில் படாது.

இதற்கு வழிவிட்டது, பிரவுசரைத் தாண்டி கம்ப்யூட்டரையே தொட விட்ட என்பிஏபிஐ என்ற பழைய பிளகின் முறை. ஸ்கேனருக்குத் திறக்கும் கதவு திருடனுக்கும் திறக்குமே! குரோம் 2015-லும், வீடியோ, அனிமேஷன் ஓட்டிய ஃபிளாஷ் பிளகினுக்கு மட்டும் விலக்கு வைத்து ஃபயர்பாக்ஸ் 2017-லும் அதைக் கைவிட்டன. சரியான முடிவு.

இன்றைய ஆட்-ஆன் வாசல் காவலாளி மாதிரி. வருகிறவரின் பையைப் பார்ப்பார். பீரோ சாவி அவரிடம் இல்லை. மோசமான தளத்தைத் தடுக்கும், அவ்வளவே. ஏற்கனவே உள்ளே புகுந்ததைத் தேட, விண்டோஸோடு வரும் டிஃபென்டரில் விரைவு ஸ்கேன் ஓட்டுங்கள். சந்தேகம் தீரவில்லையா, ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது: ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று ஒரு இணையப் பக்கம் திடீரென அலறினால், அது எதையும் ஸ்கேன் செய்யவில்லை. ஸ்கேன் நடப்பதுபோல் அதில் ஓடும் பச்சைக் கோடு வெறும் அனிமேஷன்.