திறப்பு விழாக் கூட்டம் மறுநாள் எங்கே போகிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் பழைய கல்வீட்டின் முன்பக்கத்தைச் சிறிய ஓவியக்கூடமாக மாற்றியிருக்கிறேன். முதல் கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு வீடு நிறையச் சனம் வந்தது. பேச்சுகள் முடிந்ததும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். படங்களை ஆறுதலாகப் பார்த்தவர்கள் குறைவு. மிச்ச நாட்களில் கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஓவியர்களின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அடுத்த முறை என்ன செய்யலாம்? - ஒரு வாசகி

பதில்: உங்கள் விழாவின் நிகழ்ச்சிநிரலை நான் பார்க்காமலே சொல்லிவிடலாம். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, இரண்டு மூன்று வாழ்த்துரை, பொன்னாடை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. சுவரில் இருக்கும் படங்களுக்கு முதுகைக் காட்டியபடி பிளாஸ்டிக் கதிரையில் அவ்வளவு நேரம் இருந்தவர்கள் எழும்பியதும் தேத்தண்ணீரைத்தான் தேடுவார்கள். அவர்களில் பிழையில்லை. படம் பார்க்க வந்தவர்களைக் கூட்டம் கேட்க வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆகவே முதலில் கூடத்துக்குள் இருக்கும் கதிரைகளை எடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்கென்று விறாந்தையில் கொஞ்சம் போட்டால் போதும். விளக்கேற்றுவதென்றால் தாராளமாக ஏற்றுங்கள், ஆனால் வாசலில். எண்ணெய்ப் புகை படங்களுக்குக் கிட்ட வரக்கூடாது. வடை, றோல்ஸ் எல்லாம் முற்றத்தில். எண்ணெய்க் கையோடு உள்ளே வருபவர் எந்தப் படத்தையாவது தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். மேடைப் பேச்சு ஒன்றே ஒன்று, ஐந்து நிமிடம். அதையும் ஓவியத்தோடு புழங்கும் ஒருவரிடம் கேளுங்கள். உங்கள் ஊர் வழியே போகும் காங்கேசன்துறை வீதியில் கொஞ்சம் மேலே போனால் மருதனார்மடத்தில் யாழ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு இருக்கிறதே. பிரமுகர்கள் கோபிப்பார்களா? சிலர் கோபிக்கத்தான் செய்வார்கள்.

பேச்சு முடிந்ததும் ஓவியர் தன் படங்களில் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று, அதை எப்படிச் செய்தார் என்று சொல்லட்டும். 'இதன் கருத்து என்னவென்றால்' என்று தொடங்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கருத்தைச் சொல்லிவிட்டால் பார்ப்பவருக்கு அதற்குப் பிறகு வேலையில்லை. 'இந்த மூலையில் முதலில் ஒரு வண்டில் இருந்தது. பிடிக்கவில்லை, சுரண்டி எடுத்துவிட்டேன். அதன் சில்லு இன்னும் தெரிகிறது, பாருங்கள்' என்றால் போதும், எல்லாரும் குனிந்து அந்த மூலையைப் பார்ப்பார்கள். மாதிரித் தாள்களையும் கரட்டு வரைவுகளையும் ஒரு மேசையில் பரப்பிவைத்தால் இன்னும் நல்லது. அவற்றைத் தொடலாம் என்றும் எழுதிவையுங்கள்.

அப்புறம், ஓவியரைத் திறப்பு நாளில் மட்டும் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் மிச்ச நாட்கள் வெறிச்சோடியதற்கு முக்கிய காரணம் இதுதான் என்பது என் எண்ணம். கண்காட்சியை இரண்டு வாரமாக நீட்டுங்கள். சனி, ஞாயிறு பின்னேரம் 4 மணியிலிருந்து 6 மணிவரை ஓவியர் கூடத்தில் இருப்பார் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர் அந்த நேரத்தில் தனியாக வந்து விலை கேட்பார். வாரநாட்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுங்கள். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் சித்திரம் ஒரு பாடம். ஆனால் அதைப் படிக்கும் எத்தனை பிள்ளைகள் அச்சுப்படம் அல்லாத ஓர் ஓவியத்தைக் கிட்ட நின்று பார்த்திருப்பார்கள்? பக்கத்துப் பள்ளிச் சித்திர ஆசிரியரோடு பேசுங்கள். பள்ளி விட்டபின் பென்சிலும் கொப்பியுமாக வரட்டும். பேனா, வர்ணம் உள்ளே வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் சிலர் சனிக்கிழமை தாய் தகப்பனையும் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வாங்கக்கூடியவர்கள் ஊரில் நிற்பது நல்லூர்த் திருவிழாவை ஒட்டித்தான். 25 நாள் திருவிழாவும் ஐரோப்பியப் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதால் புலம்பெயர்ந்தவர்கள் அப்போதுதான் அதிகம் வருகிறார்கள். தேர், தீர்த்த நாட்களை மட்டும் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடதாசி ஓவியக் கண்காட்சி வைக்கவே வேண்டாம்.

கல்வீடு என்றதால் சுவர் பற்றியும் சொல்லவேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்தில் ஆணி அடித்தால் உதிரும், இல்லாவிட்டால் படத்தோடு சேர்ந்து கழன்று விழும். சுவரின் மேற்பகுதியில் ஒரு மரச்சட்டத்தைத் தச்சரைக்கொண்டு ஒருமுறை உறுதியாகப் பூட்டிவிடுங்கள். அதிலிருந்து மெல்லிய கம்பியில் தொங்கவிடலாம். படம் சிறிதென்றால் தடித்த தங்கூசியும் (நைலோன் நூல்) தாங்கும். படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 150 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். எங்கள் வீடுகளில் சாமிப்படம் போல உயரத்தில் மாட்டும் பழக்கம் உண்டு, அது இங்கே சரிவராது. படச்சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் ஈரச்சுவரில் படாமல் காற்றோடும். மேற்குப் பக்க யன்னல் வெயில் நீர்வர்ணத்தை வெளிறச் செய்துவிடும். அருங்காட்சியகங்களில் நீர்வர்ணத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வர்ணத்துக்கு 200 லக்ஸ் அளவில்தான் வெளிச்சம் வைப்பார்கள். உங்களிடம் அளவுமானி இருக்காது, சரி. திரை போட்டு, எல்ஈடி விளக்கை மேலிருந்து சாய்த்து விட்டாலே கண்ணாடிப் பளபளப்பும் குறையும்.

காசு விஷயத்தை எழுத்தில் வையுங்கள், ஓவியர் சொந்தக்காரராக இருந்தாலும். தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வர்ணமா, நீர்வர்ணமா என்பது), அளவு, ஆண்டு, விலை, உங்கள் கொமிஷன், சேதம் வந்தால் யார் பொறுப்பு, விற்ற பணம் எந்தத் திகதிக்குள் கைக்கு வரும் என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். வெளிநாட்டுப் பெரிய கூடங்கள் பாதிவரை எடுப்பதுண்டு. புதிதாகத் தொடங்கும் உங்களுக்குக் கால்வாசிக்கு மேல் கேட்பது அழகல்ல என்பேன். விலைப்பட்டியல் வாசலிலேயே இருக்கட்டும். விலை கேட்க வெட்கப்பட்டே திரும்பிப் போகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம். விற்றதற்குச் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள், ஆனால் கண்காட்சி முடியும்வரை கழற்றிக் கொடுக்கவேண்டாம். வாங்குபவருக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: படம் அவருடையது, பதிப்புரிமை ஓவியருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது ஓவியரின் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும். கேட்காமல் வாழ்த்து அட்டையாக அடிக்க முடியாது.

விமானத்தில் கொண்டுபோகிறவர் கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றித் தரச் சொல்வார். வர்ணம் நன்றாகக் காய்ந்திருந்தால் சுருட்டலாம். வர்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயின் மேல் சுற்றிக் கொடுங்கள். உள்ளே இருக்கும்படி சுருட்டினால் வர்ணம் நசிந்து, விரிக்கும்போது வெடிக்கும்.