'தண்ணில மருந்து கலக்குறாங்க' என்கிறார் அம்மா!

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. போன வருஷம் வரை மீன் விற்றவர். கணக்கில் ஒரு ரூபாய் விடமாட்டார். பத்து நாளாக ஆளே மாறிவிட்டார். எதிர்வீட்டுப் பெண் மருந்து கலக்கிறாள் என்று, அடிபம்பில் நான் அடித்துக் கொண்டுவந்த குடங்களை வாசலில் கவிழ்த்துவிடுகிறார். ராத்திரி தூக்கமில்லை, செத்துப்போன அப்பாவோடு பேசுகிறார். காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். பி.பி.க்குப் புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சாப்பாட்டில் உப்பே இல்லை. காத்து கருப்பு, மந்திரிச்சுக் கட்டு என்கிறது தெரு. அண்ணனோ கீழ்ப்பாக்கத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார்.
- வாசகி, காசிமேடு

பதில்: அன்பு மகளே, இதழ் வரும்வரை நீ காத்திருக்கக் கூடாதென்று போனிலேயே சொல்லிவிட்டேன். இதே தவிப்பில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மனநல வார்டில் செவிலியராக இருந்தவள் நான். உன் கடிதத்தில் திரும்பத் திரும்பப் படித்தது 'காலையில் தெளிவு', 'புது மாத்திரை' என்ற இரண்டைத்தான். நன்றாக இருந்த பெரியவர் சில நாளில் இப்படி மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். சில பி.பி. மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். அது ரொம்ப இறங்கினால் புத்தி தடுமாறும். சிறுநீரில் கிருமி இருந்தாலும் வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இப்படி ஆகலாம். சமீபத்தில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு இன்றே கூட்டிப் போ. அங்கே போய், 'அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு' என்று ஆரம்பிக்காதே. 'பத்து நாளாத்தான் இப்படி, அதுக்கு முன்னாடி நல்லா இருந்தாங்க' என்று சொல். டாக்டர் எதைத் தேடுவார் என்பது அதில்தான் இருக்கிறது. எழுப்ப முடியாத மயக்கம், வாய் குழறல், வலிப்பு என்று எது வந்தாலும் உடனே 108.

வீட்டில் வாதாடாதே. 'யாரும் எதுவும் கலக்கல' என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நீயும் எதிர்வீட்டுக் கட்சி ஆகிவிடுவாய். ஆமாம் போடவும் வேண்டாம். 'பயமா இருக்காம்மா, நான் இங்கேதான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே ஒரு டம்ளர் மொண்டு முதலில் நீ குடி. ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். கண்ணாடி போடுபவர் என்றால் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது மனநல மருத்துவர். எழுபதுக்கு மேல் புதிதாக வருகிற சந்தேக நோயும் உண்டு, மனச்சோர்வும் உண்டு; இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. கீழ்ப்பாக்கத்திலும் ஓ.பி. இருக்கிறது, காட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வரலாம் என்று அண்ணனிடம் சொல். நடுராத்திரியில் உனக்குத் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

கிளம்பும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டை அத்தனையையும், மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போ.