கள்ளிக்காட்டிலிருந்து பைன் காட்டுக்கு: லெம்மன் மலை பைக் பயணம் – கேள்வி பதில்

அரிசோனாவில் டூசான் நகரத்தின் ஓரத்தில் தொடங்கி லெம்மன் மலைக்கு ஏறும் கேட்டலினா நெடுஞ்சாலை பற்றி வந்த கேள்விகள் இவை. அந்தப் பாதையில் பலமுறை பைக்கில் ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மொத்தமே 43 கிலோமீட்டர்தானே அண்ணா, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாமா?

ஏறிவிடலாம் தம்பி. ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். அடிவாரத்தில் சவாரோ கள்ளிகள் கைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக நிற்கும். மோலினோ பக்கம் போனதும் சொல்லிவைத்த மாதிரி காணாமல் போய்விடும். அவற்றுக்கு உறைபனி ஆகாது. அதற்கு மேல் புல்லும் குட்டை ஓக் மரங்களும்தான். 14-வது மைலில் விண்டி பாயின்ட். மழையும் காற்றும் செதுக்கிய பாறைத் தூண்கள், கீழே டூசான் முழுவதும் தெரியும். இன்னும் மேலே போனால் பொண்டரோசா பைன். அங்கே வண்டியை நிறுத்தி, மரப்பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள். வெயில் பட்ட பட்டையாக இருந்தால் வெனிலா வாசம் அடிக்கும். இதற்கெல்லாம் சேர்த்து அரை நாளாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் வருகிறேன். ஜாக்கெட் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். டூசான் 730 மீட்டர் உயரம், மேலே இருக்கும் சம்மர்ஹேவன் கிராமம் 2,400 மீட்டரை ஒட்டி. கீழே 40 டிகிரி கொளுத்தும்போது மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். காற்றோட்டமுள்ள ஜாக்கெட் போட்டுக்கொண்டு, குளிருக்கு அதன் உள்ளே போடும் துணியைப் பையில் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் என்றால் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும்.

அரிசோனாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லைதான். அதற்காகக் கழற்றி வைப்பவரோடு நான் சேர்ந்து ஓட்டமாட்டேன்.

கேள்வி: என்னுடையது பழைய கார்புரேட்டர் வண்டி சார். மேலே திணறுமா?

கொஞ்சம் மந்தமாகும். காற்று மெலிவதால் கீழே இருந்த இழுவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும், கலவையில் பெட்ரோலின் பங்கும் கூடிவிடும். ஒரு கியர் குறைத்து ஓட்டினால் போதும். ஒரு நாள் பயணத்துக்காக ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற்றத் தேவையில்லை. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: எந்த இடம் ஆபத்து?

குறிப்பிட்ட இடம் என்று இல்லை, இறக்கம் முழுவதும்தான். பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். இன்னொன்று, நிழல். வெயிலிலிருந்து சட்டென்று மரநிழலுக்குள் நுழையும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்படித்தான் ஒருமுறை வளைவில் கிடந்த பைன் ஊசிகள் மேல் ஏறி, பின்சக்கரம் வழுக்கி, ஒரு காலை ஊன்றித் தப்பித்தேன். சைக்கிள்காரர்கள் நிறைய வருவார்கள், ஒதுங்கி இடம் விடுங்கள்.

கேள்வி: இந்தச் சாலையைக் கைதிகள் போட்டதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 1933-ல் தொடங்கி 1950-ல் முடித்தார்கள். வேலை பார்த்தவர்கள் சிறைக் கைதிகள். அவர்களில் ஒருவர் கார்டன் ஹிராபயாஷி. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் மீது போட்ட ஊரடங்கையும் வெளியேற்ற உத்தரவையும் மீறியவர். இந்த மலையில் இருந்த சிறை முகாமுக்கு அவரைக் கொண்டுவர அரசு செலவு செய்யாததால், வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வழியில் வண்டிகளில் லிஃப்ட் கேட்டே வந்து சேர்ந்தார். வந்தால் அவருடைய காகிதங்களைக் காணோமாம்! போய் ஒரு சினிமா பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். மாலையில் திரும்பி வந்து உள்ளே போனார். அந்த முகாம் இருந்த இடத்துக்கு இப்போது அவர் பெயர்தான். கட்டடங்களின் அடித்தளம் மட்டும் மிச்சம். பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

கேள்வி: மேலே மொட்டை மரங்களாக நிற்கின்றனவே அண்ணா, ஏதாவது நோயா?

இல்லை, தீ. 2003-ல் வந்த ஆஸ்பென் என்ற காட்டுத்தீயில் சம்மர்ஹேவனில் 300-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. 2020-ல் மின்னல் விழுந்து பிக்ஹார்ன் என்ற இன்னொரு காட்டுத்தீ. கரிந்த அடிமரங்களுக்கு நடுவே ஆஸ்பென் மரக்கன்றுகள் கூட்டமாகக் கிளம்பியிருக்கும். அக்டோபரில் வந்தால் அவை மஞ்சளாக நிற்கும்.