பாலைவனத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு தண்ணீரும் இரையும் இல்லாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், செலவைக் குறைத்துத்தான். அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பு வகைகள் ஏராளம். நான் அரிசோனாவில் இருப்பதால், இந்தப் பக்கத்து மணல்மேடுகளில் வாழும் சைட்வைண்டரை வைத்தே சொல்கிறேன். மொகாவி, சொனோரா பாலைவனங்கள்தான் இதன் ஊர். பெரிதாகப் பயப்படுகிற அளவு உருவமில்லை, இரண்டரை அடி தாண்டுவதே அபூர்வம். கண்ணுக்கு மேல் கொம்பு மாதிரி ஒரு செதில் துருத்தியிருக்கும்.

பாம்பைவிட அதன் தடம்தான் சுலபமாகக் கண்ணில் படும். காற்று கிளம்புவதற்கு முன், விடியலில் போனால், மணலில் சாய்வான கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் முனையும் கொக்கியாக வளைந்திருக்கும். குனிந்து பார்த்தால் வயிற்றுச் செதில்களின் வரிகூடப் பதிந்திருப்பது தெரியும். உடம்பின் ஓரிரு இடங்களை மட்டும் ஊன்றி, மிச்சத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்து வைத்துப் போவதால் வரும் தடம் அது. மணல்மேடு செங்குத்தாக ஆக ஆக, ஊன்றும் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறது என்று ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். அதனால்தான் மணல் சரிவதில்லை.

சூடு தாங்காமல்தான் இப்படிப் போகிறது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கோடையில் இது நடமாடுவது ராத்திரியில். பகலெல்லாம் எலி வளையில் கிடக்கும். குளிர்ந்த மணலிலும் அதே நடைதான். நம்மூர் சுருட்டை விரியனும் இப்படிப் பக்கவாட்டில் போகும், ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது.

தண்ணீர்? பெரும்பகுதி இரையின் உடம்பிலிருந்தே கிடைத்துவிடுகிறது. கழிவையும் யூரிக் அமிலமாக, கெட்டியாக வெளியேற்றுவதால் நீர் அதிகம் வீணாவதில்லை. இதன் பெரிய உறவினரான டைமண்ட்பேக் இன்னும் கெட்டிக்காரப் பாம்பு. மழை வந்தால் வெளியே வந்து உடம்பைத் தட்டையாக்கிச் சுருண்டுகொள்ளும். முதுகில் தேங்கும் துளிகளை அப்படியே உறிஞ்சிக் குடிக்கும். துளிகள் வழிந்தோடாமல் பிடித்து வைப்பது செதில்களின் நுண்ணிய அமைப்பு என்று 2019-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

பட்டினி விஷயத்தில் 2007-இல் ஒரு ஆய்வு வந்தது. டைமண்ட்பேக் உட்பட மூன்று வகைப் பாம்புகளை ஆறு மாதம் வரை பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சில பாம்புகள் உடலின் ஆற்றல் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. அதைவிட ஆச்சரியம், அந்த நிலையிலும் நீளம் வளர்ந்திருக்கின்றன!

வேட்டையிலும் சைட்வைண்டருக்கு அலைச்சல் குறைவு. உடம்பைச் சுருட்டி மணலுக்குள் அமுக்கி, மேற்பரப்போடு சமமாகப் படுத்துக் காத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழி, இரையின் உடல் வெப்பத்தை உணரும். மொகாவியில் உருவான வெப்பம் தேடும் ஏவுகணைக்கு 'சைட்வைண்டர்' என்று பெயர் வைத்தது இதை நினைத்துத்தான். ஆனாலும் கங்காரு எலி சும்மா மாட்டாது. பாம்பு பாய்ந்ததுமே துள்ளி, அந்தரத்தில் பின்னங்காலால் அதை உதைத்துத் தள்ளிவிட்டுப் போகிறது. அரிசோனாவின் யூமா நகர் அருகே அதிவேகக் கேமராவில் பதிவான வீடியோக்கள் இணையத்தில் இருக்கின்றன, கட்டாயம் பாருங்கள்.

வால் நுனியில் இருக்கும் கிலுகிலுப்பையின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லலாம் என்பது கதை. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும், ஒரே வருடத்தில் பலமுறை உரிக்கும், நுனி உடைந்தும் விழும். முட்டையிடாமல் குட்டி போடும் இனம் இது. முதல் சட்டை உரியும்வரை குட்டிகள் வளை வாசலில் ஒன்றாகக் குவிந்து, உடல் சூட்டைச் சீராக வைத்துக்கொள்கின்றன. தாயும் அருகிலேயே இருக்கும்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று: எல்லாப் பாம்பும் சத்தம் போட்டு எச்சரிக்கும் என்று நம்ப வேண்டாம். சைட்வைண்டர் முதலில் அசையாமல் கிடந்து ஏமாற்றத்தான் பார்க்கும். பூட்ஸ் போடுங்கள், ராத்திரியில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், புதரடியில் கை வைக்காதீர்கள்.