'ட' எழுத்தில் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது?

கேள்வி: எங்களுக்கு மகன் பிறந்து 40 நாள் ஆகிறது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். பூர நட்சத்திரம், இரண்டாம் பாதம். 'ட' எழுத்தில் பெயர் வைக்கும்படி ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலமான மாமனார் பெயர் சுடலைமுத்து. அதைத்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் நிற்கிறார். கணவருக்கு நெட்டில் பார்த்த 'ஆரவ்' பிடித்துவிட்டது. 'அமைதியானவன்' என்று பொருளாம். எனக்குப் பொருளுள்ள தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும். இதற்கு நடுவில் நியூமராலஜி பார்க்கச் சொல்லி நாத்தனார். என்ன செய்வது?

பதில்: முதலில் அவசரத்தை விடுங்கள். ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிந்திருப்பார்கள். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவது லேசில்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். இரண்டு மாதம் கூடுதலாக யோசித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது 'ட' விஷயம். தமிழில் எந்தச் சொல்லும் ட-வில் தொடங்காது. மொழிக்கு முதலில் வரக்கூடாத எழுத்து என்று தொல்காப்பியமே அதை ஒதுக்கிவிட்டது. பஞ்சாங்கத்தில் உள்ள நட்சத்திர எழுத்து அட்டவணை தமிழ் எழுத்துக்காகப் போட்டதல்ல, வடமொழி ஒலிகளுக்காகப் போட்டது. அங்கேயும் இந்த ஒலியில் தொடங்கும் பெயர்கள் அபூர்வம். அதனால்தான் நெட்டில் 'ட' வரிசை என்று தேடினால் தருண், தேஜஸ், தினேஷ் என்று வருகிறது. இங்கிலீஷில் T, D எழுத்தில் எழுதுவதால் அந்த வரிசையில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அவை எல்லாம் 'த' ஒலிப் பெயர்கள். எழுத்துப் பார்த்து வைக்க நினைத்தவர் எழுத்தும் தப்பிப் போய் நிற்பார்.

வழி இருக்கிறது. பூரம் சிம்ம ராசி. மகம் நான்கு பாதமும், பூரம் நான்கு பாதமும், உத்திரத்தின் முதல் பாதமும் சேர்ந்ததுதான் சிம்மம். மகத்தின் எழுத்துகள் ம, மி, மு, மே. பாதத்து எழுத்தில் பெயர் அமையாதபோது அதே ராசியின் வேறு எழுத்தை எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான். ஜோசியரிடம் "சிம்மத்துக்குள்ளேயே 'ம' வரிசையில் வைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். தமிழில் 'ம' வரிசை ஒரு பெரிய தோப்பு: மாறன், முகிலன், மகிழன், மதியன், மருதன்.

ஆரவ் பற்றி உங்கள் கணவரிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னதாக வேண்டாம். வடமொழியில் 'ஆரவ' என்றால் ஒலி, கூச்சல். தமிழ் அகராதியிலும் 'ஆரவம்' என்ற சொல்லுக்குப் பேரொலி என்றுதான் பொருள். நாம் சொல்லும் ஆரவாரத்தோடு சேர்த்து வைக்க வேண்டிய சொல். 'அமைதியானவன்' என்பது நேர் எதிர்ப் பொருள். ராத்திரி முழுக்க வீறிட்டு அழும் பிள்ளைக்குப் பொருத்தமான பெயர்தான், அது வேறு கதை! இந்தப் பெயர்ப் பட்டியல்களில் பாதிக்கு 'தனித்துவமானவன்', 'கடவுளின் பரிசு' என்றே பொருள் போட்டிருப்பார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் நகல் எடுப்பது, அவ்வளவுதான். ஒரு பெயர் பிடித்தால் அதைச் சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். பிரித்த துண்டைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தேடுங்கள்; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே இல்லாத, பிரிக்கவும் முடியாத பெயர் என்றால் அது யாரோ உட்கார்ந்து ஒட்டிய பெயர்.

அகராதிப் பொருள் மட்டும் போதுமா என்றால், போதாது. 'நன்னன்' என்ற பெயரைப் பாருங்கள். காதுக்கும் கருத்துக்கும் நல்ல பெயர். மலைபடுகடாம் போற்றும் வள்ளல் ஒருவர் அந்தப் பெயரில் உண்டு. ஆனால் குறுந்தொகையில் இன்னொரு நன்னன் இருக்கிறான். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற பெண்ணைக் கொன்றவன். 81 யானையும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்றபோதும் விடவில்லை. 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று பரணர் அவனை நிரந்தரமாக நிறுத்திவிட்டார். பெயருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் மாமியார் பக்கம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். சுடலைமுத்து என்றால் ஆபீஸில் சிரிப்பார்களோ என்று நீங்கள் தயங்கலாம். சுடலை என்றால் சுடுகாடு, உண்மைதான். உங்கள் பக்கத்துக் காவல் தெய்வம் சுடலை மாடனின் பெயர். ஆனால் ஞானசம்பந்தர் பாடிய முதல் பாட்டிலேயே, "காடுடைய சுடலைப் பொடி பூசி என் உள்ளம் கவர் கள்வன்" என்று சிவன் அந்தச் சாம்பலோடுதான் வந்து நிற்கிறார். அது கூச்சப்பட வேண்டிய சொல்லே இல்லை. முழுப் பெயரையும் அப்படியே வைத்தாலும் நான் கைதட்டுவேன்.

மனம் ஒப்பவில்லை என்றால், அந்தப் பெயரின் மறுபாதி 'முத்து'. மு எழுத்து, சிம்ம ராசிக்குள் வந்துவிடுகிறது. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம் கொற்கை. அதன் பெருமையே முத்துதான். பாண்டியர்களின் பெயர்களில் ஒன்று மாறன். இன்னொரு மாறனும் உங்கள் ஊர்ப் பக்கத்தவர்தான்: ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வார். மற்றப் பிள்ளைகளைப் போல அழாமல், பால் குடிக்காமல் இயல்புக்கு மாறாக இருந்ததால் பெற்றோர் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. இரண்டையும் சேர்த்தால் முத்துமாறன். தாத்தாவின் பாதி, ராசி எழுத்து, தாமிரபரணிக் கரை எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் கணவர் கேட்கும் 'ஸ்டைல்' வேண்டுமென்றால் நண்பர்கள் மாறன் என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். மாமியார் எப்படியும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை. பேரனை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார், பார்த்துக்கொண்டே இருங்கள்.

மாறனில் 'ற' முக்கியம். இடையின 'ர' போட்டால் மாரன், அது மன்மதன். அதுவும் நல்ல பெயர்தான், ஆனால் வேறு பெயர். முடிவு செய்யுமுன் அப்பாவின் இன்ஷியலோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். நான் தமிழாசிரியராக வருகைப் பதிவு வாசித்த காலத்தில் கற்றுக்கொண்டது இது; இன்ஷியலோடு சேர்த்துப் புதுப்பெயர் கட்டுவதில் ஏழாம் வகுப்புப் பையன்களை யாரும் மிஞ்ச முடியாது. அப்பா பெயர் சோமு என்று வையுங்கள். சோ. மாறன். அந்தப் பையன் பள்ளி முடிக்கும்வரை சோமாறிதான். உங்கள் கணவரின் பெயர் 'செ'-வில் தொடங்குவதால் தப்பித்தீர்கள்.

நியூமராலஜிக்கு வருவோம். அந்த எண்களெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்குக் கொடுத்தவை. தமிழில் எழுதும் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதிர்ஷ்டத்துக்காக நடுவில் ஒரு 'ஹெச்' சேர்த்துவிட்டு, ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி என்று பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைபவர்கள் ஏராளம். நான் வேண்டாம் என்பேன். ஆனால் உச்சரிப்புக்காக ஓர் எழுத்தைக் கூட்டுவது வேறு. இங்கிலீஷில் மாறனின் 'மா'வுக்கு ஒரே 'ஏ' போட்டு எழுதினால், வடக்கே படிப்பவர் அதை 'மரண்' என்று வாசித்துவிடலாம். இந்தியில் அதற்குச் சாவு என்று பொருள். முதல் 'ஏ'வை இரட்டையாகப் போட்டுவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் பெயர் வரும். விண்ணப்பத்தில் இரண்டையும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லி அடிக்க விடாதீர்கள். அச்சானதும் கவுண்ட்டரை விட்டு நகருமுன் 'ற' சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.