திருமணத் தேதியை மாற்றிப் பதிவு செய்யாதீர்கள்

கேள்வி: ஆவணியில் கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயிலில் இருபது பேரை மட்டும் வைத்து எளிமையாகத் திருமணம் செய்துகொண்டோம். கணவருக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, நான் தினமும் பஸ்ஸில் கடலூருக்கு வேலைக்கு வந்துபோகிறேன். புதுக் குடித்தனம் ஒரு வழிக்கு வருவதற்குள் 112 நாள் ஓடிவிட்டது, இன்னும் பதிவு செய்யவில்லை. கூப்பிடவில்லை என்று பெரியப்பா வீட்டில் பேச்சே இல்லை. ரத்து செய்த மண்டபத்தில் 60,000 ரூபாய் அட்வான்ஸில் 35,000 மட்டும் தருவதாகச் சொல்கிறார்கள், அப்பா வழக்குப் போடச் சொல்கிறார். மாமியாரோ, தையில் புதுச்சேரியில் ரிசப்ஷன் வைத்துப் பத்திரிகை அடித்து, அந்தத் தேதியிலேயே திருமணத்தைப் பதிந்துகொள்ளலாம் என்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் பெரியப்பா கோபம்தான். அது இரண்டு வீடும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது, நான் அதற்குள் போகவில்லை. எனக்குப் பயம் தந்தது கடைசி வரி. அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஆவணியில் தாலி கட்டியபோதே உங்கள் திருமணம் முடிந்துவிட்டது. பதிவு செய்யாததால் அது செல்லாமல் போகாது, இந்து திருமணச் சட்டம் 8-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்து திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்குச் சடங்கு நடந்திருக்கிறது, காகிதம்தான் பாக்கி. தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஆக உங்கள் கையில் 38 நாள் இருக்கிறது. குடியிருப்பது புதுச்சேரியில் என்பதால் அங்கே அலையாதீர்கள், திருமணம் நடந்தது கடலூர் எல்லையில், அங்கேயே பதியலாம்.

ரிசப்ஷன் தேதியைத் திருமணத் தேதியாகக் காட்டுவதில் என்ன வந்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வக்கீலான என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கும் இப்படித்தான், கோயில் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் கழித்து நடந்த ரிசப்ஷன் பத்திரிகையை வைத்துப் பதிந்துவிட்டார்கள். அதற்கடுத்த ஐந்தாவது மாதம் குழந்தை. பிறகு கணவர் சாலை விபத்தில் இறந்துபோக, இழப்பீட்டுப் பணத்தில் பங்கு யாருக்கு என்று மாமனார் வீட்டோடு தகராறு வந்தது. கூண்டில் அந்தப் பெண்ணை நிற்கவைத்து, சான்றிதழையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதிர்த்தரப்பு வக்கீல் தேதிகளைப் படித்தார். கோயில் திருமணம் ஒன்று முன்னாடியே நடந்தது என்று அவர் சொன்னதற்கு, அப்படியானால் பதிவாளரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய்யா என்று அடுத்த கேள்வி. அதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை, எனக்கும் எழுந்து சொல்ல எதுவும் இல்லை. பதிந்து கொடுத்தது அதே மாமனார் வீட்டார்தான். தெரிந்தே தவறான தேதியில் கையெழுத்துப் போடுவது குற்றம் என்பது ஒரு பக்கம், உங்கள் சொந்தக் காகிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது என்பதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ரிசப்ஷனைத் தாராளமாக வையுங்கள், பத்திரிகையில் ‘திருமண வரவேற்பு’ என்று மட்டும் போடுங்கள். எந்தத் தேதி வேண்டுமானாலும் போட்டுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று எந்தப் புரோக்கராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மண்டபத்துக்காரர் தருவதாகச் சொல்லும் 35,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு மாதம் முன்பே ரத்து செய்ததால் அட்வான்ஸில் 25,000-ஐ அவர்கள் பிடித்துக்கொள்வது நியாயமில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் உங்கள் பக்கம் வலு உண்டு, அப்பா சொல்வதில் தப்பில்லை. ஆனால் மீதி 25,000-க்காக வாய்தா வாய்தாவாக லீவு போட்டு அலைய இருவராலும் முடியாது. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே ‘இனி பாக்கி இல்லை’ என்று எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய கோயில் ரசீதின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பெயருக்கு முன் இனிஷியல் இல்லை, ஆதாரில் இருக்கிறது. மையும் மங்க ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கே இரண்டு நகல் எடுத்து வையுங்கள், இனிஷியல் விஷயத்தைக் கோயில் அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்யுங்கள். கணவருக்கு வியாழன் வார விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று திருவந்திபுரத்துக்கு வந்திருந்தவர்களையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, வரும் வியாழனே கடலூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.