கோயில் பார்க்க வருபவர் ஊரில் சாப்பிட்டுப் போகட்டும்

கேள்வி: பாகூரில் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். மூலநாதர் கோயிலைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. கடன் வாங்கிக் கோயில் அருகே இரண்டு தங்கும் அறைகள் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு, அதாவது மொத்தம் 300 மீட்டர் வரை, அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். தொலைவில் இடம் கிடைத்தாலும் என் பதில் இதுதான். புதுச்சேரியில் அறை எடுத்தவர் பக்கத்திலேயே இருக்கும் பாகூரில் இன்னோர் அறைக்குப் பணம் தர மாட்டார். மதியம்வரை இருக்கக் காரணம் கிடைத்தால் சாப்பாட்டுக்குத் தருவார்.

அந்தக் காரணத்துக்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. நிருபதுங்க பல்லவன் காலத்தில் இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்கள் தானமாகத் தரப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கோயில் கல்வெட்டுகளில் சோழர்களோடு இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனும் வருகிறான். புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி உங்களுடையது. அதற்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்குப் பங்காரி, சிங்காரி என்ற இரு நடனப் பெண்களின் கதை வேறு இருக்கிறது. கதையைக் கதையாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் பிரித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஆயிரமாண்டு வரலாறு என்று அடித்துவிடும் வழிகாட்டிகள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் தொடங்கி, மதகு, வாய்க்கால், வயல் என்று நடந்து, நடை சாத்துவதற்கு முன் கோயிலுக்கு வந்து, பிறகு சாப்பாடு. ஏரியைப் பற்றிப் பேச, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்; அவருக்கும் கூலி கொடுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் கட்டணம் வாங்கிச் சுற்றிக்காட்டவும் பொருள் விற்கவும் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். அது கைக்கு வரும்வரை உங்கள் பேச்சு கோயில் வாசலோடு நிற்கட்டும். ஏரியில் தண்ணீரும் பறவையும் இருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடத்தினால் போதும். மே மாத வெயிலில் யாரையும் கரையில் நடக்கவிடாதீர்கள்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். உங்கள் வயல் அரிசி, பருவக் காய், மோர். உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு மட்டும் அவசியம். சிறு வணிகருக்குச் செலவு அதிகமில்லை.

இத்தகைய முயற்சிகளில் சண்டை பெரும்பாலும் வருமானம் வந்த பிறகுதான் வரும். ஆகவே பங்கை முதல் நாளே எழுதிவிடுங்கள். நபருக்கு 500 ரூபாய் வீதம் பத்துப் பேர் வந்தால் 5,000. அரிசி, காய்கறி, எரிவாயுவுக்கு 1,800. சமைத்த நால்வருக்கு 1,600. பெரியவருக்கும் அழைத்துச் செல்பவருக்கும் 800. குழுவின் கணக்கில் 300. மீதி 500 ஊருக்கு. மதகடியில் குப்பை அள்ளவோ பள்ளிக்கூடக் குழாயைச் சரிசெய்யவோ அது போகட்டும். கணக்கைப் பொது இடத்தில் ஒட்டுங்கள். ஏரியும் கோயிலும் குழுவில் இல்லாதவர்களுக்கும் சொந்தம். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே முணுமுணுப்பு தொடங்கும். அது நியாயமான முணுமுணுப்புதான். ஆள் கூட்டிவரும் ஓட்டுநர் தரகு கேட்டால் அதையும் விலையில் வெளிப்படையாகச் சேர்த்துவிடுங்கள்.

கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால் தண்ணீர் வசதியோடு ஒரு நல்ல கழிப்பறைக்கும் பாத்திரங்களுக்கும் மட்டும் வாங்குங்கள். கழிப்பறையையும் உறுப்பினர் ஒருவரின் வீட்டை ஒட்டி, 300 மீட்டர் எல்லைக்கு வெளியே அமையுங்கள்.